குழிக்கூலி

பீட்டர் உருட்டுக்கட்டையால் ஓங்கி அடித்ததில் அந்த ஆளின் முழங்கால் உடைந்தது. கடப்பாரையோடு மனைக்குள் புகுந்து எல்லையோரம் தோண்டியவன், ரத்தம் வழிய இந்தியில் ஏதோ கதறினான்.

"வரதன் எவ்ளோ குடுத்தான்டா, என் எல்லைக்கல்ல பேத்தெடுக்க?" என்று இன்னும் இரண்டு அடி போட்டான் பீட்டர். வரதன் பக்கத்து மனைக்காரன்.

பிறகு வேலி போடும் சர்ஃபராஸுக்குப் போன் செய்தான்.

"பாய், இன்னிக்கே வேலி போட்டாவணும். வரதன் அடியாள அனுப்சிகினு கீறான். ஒருத்தன் கால ஒடச்சிட்டேன்."

"அந்தாளு எப்பவும் பேஜாருதாண்ணே. கல்லு, முள்கம்பி மதியம் வந்துடும்."

"பாறை மண்ணு, குழிக்கூலி ஜாஸ்தின்னியே. கொறச்சியா?"

"கொறச்சிட்டேண்ணே. நம்மூரு ஆளுங்க ரேட்டு கட்டுப்படியாவல. கும்மிடிப்பூண்டிலேர்ந்து ஒரு ஒடிசா ஆள காலையிலயே அனுப்சேன். தமிழ் தெரியாது, நீங்கதான் பாத்துக்கணும். வந்துட்டானா?"