ஒரு விரற்கடை

உப்பு லாரியை வாசலில் நிறுத்திவிட்டு, வீங்கிய உதட்டோடு கராத்தே வகுப்புக்குள் நுழைந்தான் தாணுலிங்கம். பின்னால் அவன் மனைவி செல்வராணி தலைகுனிந்து வந்தாள்.

"என்ன மாஸ்டர், காலை வகுப்புல தொடாமத்தான் மோதுவாவ, சாயங்கால வகுப்புலதான் நெசமா அடிப்பாவன்னு சொன்னியள்லா? அத நம்பித்தான இவள காலைல அனுப்புனேன். நேத்து வீட்டுல வச்சு எம்மூஞ்சிலயே குத்திட்டா. இதான் நீங்க சொல்லிக்குடுத்த லட்சணமா?"

மாஸ்டர் ராஹிலாவுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. மூன்று வருடமாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: எதிராளியின் முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் கை நின்றுவிட வேண்டும்.

"ஏளா, கைய நிறுத்தத் தெரியாதா ஒனக்கு? மேல பட்டுச்சுன்னா வகுப்ப விட்டே வெளியேத்திருவேன்னு சொல்லிருக்கேன்லா?"

"நிறுத்திட்டேன் மாஸ்டர். நீங்க சொன்ன எடத்துலதான் நின்னுச்சு."

செல்வராணி அப்போதுதான் நிமிர்ந்தாள். கழுத்தில் நான்கு விரல் தடம் கன்றிப்போயிருந்தது.

"மிச்ச தூரத்துக்கு இவியதான் பாஞ்சு வந்தாவ."

ராஹிலா அந்தத் தடத்தையே பார்த்தாள். தாணுலிங்கம் வாசலைப் பார்த்தான்.

"தப்பு எம்மேலதான்," என்றாள் ராஹிலா. "நாளைலேருந்து நீ சாயங்காலம் வா."