விரல் விலை

"ஒரு விரல் பதினெட்டாயிரம் ரூபாய்! அந்தக் காசுக்கு ஆனேக்கல் சந்தையில கன்னுக்குட்டியே கிடைக்கும், மேடம். நாலு காலோட!"

பெங்களூரு காக்ஸ் டவுன் பயிற்சி மையத்து நாற்காலியில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார் மாட்டுத் தரகர் பழனிச்சாமி.

பக்கத்தில் மகள் இளவேனில், பத்தொன்பது வயது. பத்தாயிரத்தில் ஒரு பெண்ணுக்கு வரும் ரெட் சிண்ட்ரோம் என்ற மூளை வளர்ச்சிக் கோளாறு, ஒன்றரை வயதிலேயே அவள் பேச்சையும் கைப்பழக்கத்தையும் பிடுங்கிக்கொண்டது. ஓயாமல் கைகளைப் பிசைந்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாசம் மூணாயிரம், ஆறு மாசம் ஆச்சு. பிசையுற கையைப் பிரிச்சு என் விரலைப் பிடிக்கிறா. அதுவே பெரிசு சார்" என்றாள் பயிற்சியாளர் லீனா.

"ரொம்பப் பெரிசு! ஆறு மாசத்துல நான் ஒரு எருமையை ஏர் ஓட்டப் பழக்கி, வித்து, பணத்தையும் எண்ணியிருப்பேன். இவளுக்கு என்ன புரியும்னு பாடம் எடுக்கறீங்க?"

"எல்லாம் புரியுது. கைதான் சொன்ன பேச்சு கேக்காது."

புரிகிறதாம்! மனைவி போன பிறகு இவளைச் சந்தைக்கே தூக்கிப்போய் வளர்த்தவர் அவர். துண்டுக்கடியில் வியாபாரியின் விரலைப் பிடித்து விலை பேசுவார், விரலுக்கு ஆயிரம். மடியில் கிடக்கும் இவள் தலையையும் சேர்த்துத்தான் துண்டு மூடியிருக்கும். ஒரு நாளாவது 'உம்' என்றிருப்பாளா?

"கடைசி விலை. ரெண்டாயிரம்னா வர்றோம். இல்லேன்னா இன்னையோட நின்னுக்கறோம்."

"மூணுக்குக் குறைஞ்சா எங்களுக்குக் கட்டுப்படியாகாது சார்."

"அப்போ பேடா மேடம், வேணாம். எழுந்திரு தாயி" என்று எழுந்தார்.

பஸ்ஸில் நாலு பேர் பார்ப்பார்களே! பிசையும் கைகளின்மேல் துண்டைப் போட்டு, உள்ளே தன் கையால் அழுத்திப் பிடித்தார்.

பிசைவது நின்றது. துண்டுக்குள் ஒரு கை தட்டுத்தடுமாறி அவர் விரல்களைத் தேடியது. ஒன்று. இரண்டு. நழுவியது. மறுபடி பிடித்தது. மூன்று.

ஏதோ தற்செயல் என்றுதான் நினைத்தார். ஆனாலும் முப்பது வருடப் பழக்கம் விடுமா? அவள் விரல்களில் இரண்டைப் பிடித்துப் பார்த்தார்.

அவள் கையை உதறினாள். மூன்றைப் பிடித்து நெரித்தாள்.

பழனிச்சாமி மெல்ல மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணே எழுதிக்கங்க மேடம். பொண்ணு இறங்க மாட்டேங்குறா."