அசைந்தால் தோல்வி

"அசைஞ்சா நீ தோத்துட்டே. இந்த அரங்கைத் தொடக் கூடாது. சம்மதமா?"

"அசையலைன்னா நாளைக்கே இது கணினிக்கூடம். சாவியைக் கையில தயாரா வச்சுக்குங்க."

இப்படிச் சொன்னவள் இயற்பியல் துறையின் புதிய தலைவி. எதிரே இரும்புக் குண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர் அவளுடைய கணவர். அதே துறையில் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் குண்டு வாத்தியார். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சிதான்.

துறை வளர்ந்துகொண்டிருந்தது. கணினிகளை வைக்க இடமில்லை. அவர் கட்டிக்காத்த செயல்விளக்க அரங்கோ பாதிக் கட்டடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. ஊசலையும் சுருள்வில்லையும் காட்டிப் பாடம் நடத்திய காலம் மலையேறிவிட்டது, எல்லாவற்றையும் திரையிலேயே காட்டலாம் என்பது அவள் கட்சி. வீட்டிலும் இதே சண்டைதான்; சமையலறையில் ஆரம்பித்துப் படுக்கும்வரை நீளும்.

"அரங்கு போயிடுச்சுன்னா அப்புறம் நான் எதுக்குடி?" என்று நேற்று அவர் கேட்டுப் பார்த்தார். அவள் இளகவில்லை.

புதிதாக வரும் தலைவர் யாராக இருந்தாலும், முதலாண்டு மாணவர்கள் முன்னால் ஒருமுறை அந்தக் குண்டுக்கு எதிரே நின்றாக வேண்டும். அது துறையின் வழக்கம். அதைத்தான் அவர் பந்தயமாக்கிவிட்டார்.

கூரையிலிருந்து கம்பியில் தொங்கிய குண்டை இழுத்துவந்து அவள் மோவாயைத் தொடும்படி பிடித்தார்.

"பிள்ளைங்களா, கவனிங்க! விட்ட உயரத்துக்கு மேல இது ஒரு மயிரிழைகூட ஏறாது. விதியை நம்பினா பயமே வராது. என்ன ஆனாலும் கண்ணை மட்டும் மூடக் கூடாது!"

வருஷாவருஷம் சொல்வதுதான். பிறகு குரலைத் தாழ்த்தி, "தலையை முன்னால நீட்டிடாதே, என்ன?" என்றார்.

"ரொம்பத்தான்! விடுங்க சார்."

விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்.

குண்டு எதிர்ச்சுவர்வரை போனது. ஒரு கணம் நின்றது. திரும்பியது.

ஐயோ, எவ்வளவு பெரிசு! காற்றைத் தள்ளிக்கொண்டு நேராக அவள் முகத்துக்கே வந்தது. ஆற்றல் மாறாது என்ற அந்தச் சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனாலும் பார்வை கணவர் பக்கம் ஓடி, மறுபடி குண்டுக்கு வந்தது.

மோவாய்க்கு ஒரு விரற்கடை முன்னால் குண்டு நின்றது. யாரும் பிடிக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. தானாக நின்று, தானாகத் திரும்பிப் போனது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்த ஒற்றை வரிக்கு, இந்த உலகமே இப்படிக் கட்டுப்பட்டு நடக்கிறதா! கண்ணில் நீர் முட்டியது.

"மேடம் அசையவே இல்லடா!" அரங்கே அதிர்ந்தது.

அவர் சாவியை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "நான் அசைஞ்சுட்டேன். தோல்விதான். அரங்கு இங்கேயேதான் இருக்கும்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

மாணவர்கள் கலைந்ததும் அவர் பிடித்துக்கொண்டார். "எனக்கு யாரும் பிச்சை போட வேணாம். நீ கல்லு மாதிரி நின்னே. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

"பார்த்தீங்களாக்கும்!" அவள் அவர் கையைப் பிடித்துச் சாவியோடு சேர்த்து மூடினாள். "என் கண்ணு அசைஞ்சு உங்க பக்கம் திரும்புச்சு. குண்டு என்கிட்ட வந்தப்போ, விதியை நம்புங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்ன மகராசன், ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டுல்ல நின்னீங்க!"