எஞ்சினை நிறுத்தும் முறை

கயிற்றைச் சுற்றி மறுபடியும் இழுத்தாள். எஞ்சின் ஒரு முறை இருமியது. பிறகு பேச்சில்லை.

உருளைக்கிழங்குச் செடிகளின் மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் படிந்திருந்தது. எதிர் மலை உச்சியில் வெயில் விழுந்துவிட்டது. அது இறங்கி வந்து இந்தத் தோட்டத்தைத் தொடுவதற்குள் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவியாக வேண்டும். விட்டால் மதியத்துக்குள் இலையெல்லாம் கருகிவிடும்.

ஊட்டி மலையில் இதைப் பச்சைப் பிள்ளையும் சொல்லும்.

மேல் பாத்திகள் ஏற்கெனவே கருகித்தான் கிடந்தன. அவள் கணவர் மயில்வாகனம் செத்துப்போன காலையில் கருகியவை. அன்று அவர் கீழ்ப் பாத்திகளுக்கு அடித்திருந்தார். மேலே போகவில்லை. எஞ்சினுக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தார்.

மாரடைப்பு.

விழும்போது கை பட்டு எஞ்சின் நின்றிருக்கும், அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம்வரை அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சோறு தின்றாள்.

அதற்குப் பிறகு மேகம் மூடியே கிடந்தது. பனி இல்லை. இன்றுதான் விழுந்தது. இன்றுதான் எஞ்சின் மேல் கிடந்த சாக்கை எடுத்தாள்.

பக்கத்துத் தோட்டத்து யோகன் வரப்பேறி வந்தான். கீழே அவனுடைய எஞ்சின் நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. அன்றும் இப்படித்தான் ஓடியது. மயில்வாகனம் அண்ணன் கூப்பிட்டு, இந்தச் சத்தத்தில் தன் காதில் விழாமல் போயிருக்குமோ என்று அவனுக்கு ஒரு பயம். காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்தவன் இலையில் கை வைக்காமல் எழுந்து போனான். அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தான்.

இப்போதும் எஞ்சினைப் பார்த்துத்தான் பேசினான்.

"மண்ணெண்ணெயிலயே நின்னுருச்சுல்லக்கா, அதான் புடிக்கல. அடித் திருகாணியக் கழட்டி வடிச்சு விட்டுட்டு இழுங்க."

தன் குழாயை மாற்றிப் போட வேண்டும் என்று சொல்லி இறங்கிப் போனான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த எஞ்சின் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவது. நிறுத்துவதற்கு முன்னால் மண்ணெண்ணெயை அடைத்து, பெட்ரோலைத் திறந்து, உள்ளே தங்கியது எரிந்து தீரும்வரை ஓடவிட வேண்டும். அவசரத்தில் அப்படியே நிறுத்தினால், உள்ளே நிற்கும் மண்ணெண்ணெய் புதுப் பெட்ரோலை இறங்கவிடாது; மறுநாள் குளிருக்குச் சண்டி மாடாகப் படுத்துக்கொள்ளும்.

மயில்வாகனம் அப்படி அவசரப்பட்டதே கிடையாது. வீடு தீப்பிடித்தாலும் அந்த மனிதர் பெட்ரோலுக்கு மாற்றிவிட்டுத்தான் தண்ணீர் எடுக்க ஓடுவார். தாலி கட்டியது எனக்கா எஞ்சினுக்கா என்று அவள் கேட்டிருக்கிறாள். அவரும் சிரிப்பார்.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, கண்ணாடி டம்ளர் ஒன்றை அடியில் பிடித்துத் திருகாணியைக் கழற்றினாள்.

ரேஷன் மண்ணெண்ணெய் நீலமாக இருக்கும்.

டம்ளரில் நீலம் இல்லை.

தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். விரலை விட்டுப் பார்த்தாள். மண்ணெண்ணெய் என்றால் பிசுபிசுவென்று ஒட்டும், சோப்புப் போட்டாலும் நாள் முழுக்கப் போகாது. இது விரலைச் சில்லிட வைத்துவிட்டுப் பறந்துபோனது.

பெட்ரோல்.

அவள் ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

பாதித் தோட்டத்தில் நெஞ்சு வலித்திருக்கிறது. குழாயைப் போட்டுவிட்டு எஞ்சின்வரை நடந்து வந்திருக்கிறார். மண்ணெண்ணெயை அடைத்திருக்கிறார். பெட்ரோலைத் திறந்திருக்கிறார்.

காத்து நின்றிருக்கிறார்.

உள்ளே இருந்தது எரிந்து தீரும்வரை. அதற்குப் பிறகுதான் நிறுத்தியிருக்கிறார்.

வீடு கூப்பிடு தூரம்தான். அன்று அவள் அடுப்படியில் இருந்தாள். எஞ்சின் நின்றது காதில் விழுந்தது. வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி, தேயிலைக்குத் தண்ணீர் வைத்தாள்.

இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தெரியாமல் விழுந்தவரை எப்படி முன்னால் கொண்டுபோவது என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

இப்போது அந்தப் பதிலும் போயிற்று.

"பாவி மனுசா" என்று எஞ்சினை ஓங்கி அறைந்தாள். இரும்பு அசையவில்லை. உள்ளங்கை எரிந்தது. இத்தனை நாள் பாவமாக இருந்தவர் மேல் அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. கோபத்தோடு அழுவது வெறும் அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது.

வெயில் எதிர் மலையின் பாதிக்கு இறங்கிவிட்டது.

டம்ளரில் இருந்ததை மண்ணில் ஊற்றினாள். கையைத் துடைத்தாள். பிளக்கைக் கழற்றினாள். நனைந்து கிடந்தது. முந்தானையில் அதை ஒற்றி எடுத்து, தள்ளிப் போய் நின்று, தீக்குச்சிகளைக் கிழித்துச் சூடு காட்டினாள். சூடு ஆறுவதற்குள் மாட்டி, கயிற்றைச் சுற்றி இழுத்தாள்.

பிடித்துக்கொண்டது.

முதல் பாத்தியில் தண்ணீர் விழுந்ததும் இலைகள் பச்சையாகத் தெரிந்தன. சத்தம் கேட்டு யோகன் மேலே ஓடி வந்தான். வரப்பில் நின்று, இந்த முறை அவள் முகத்தைப் பார்த்தான்.

"மண்ணெண்ணெய்தானக்கா இருந்துச்சு?"

அவள் குழாயை விடாமல் பிடித்திருந்தாள்.

"ஆமாப்பா. நீலமா வந்துச்சு."

யோகன் அங்கேயே குந்தினான். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அவன் முதுகு குலுங்கியது.

"அப்ப ஒண்ணுமே தெரியாமத்தான் போயிருக்காரு" என்றான்.

"ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றாள்.

வெயில் வருவதற்குள் முடிக்க வேண்டும். குழாயை இழுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்கு நடந்தாள்.