பார்த்தவர் பெயர்

அவர் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

திரையில் ஒரு கை. வெள்ளைத் தாளில் முக்கோணம் வரைகிறது. முகம் இல்லை. ஒரு பெண்ணின் குரல் மட்டும்.

சனிக்கிழமைப் பிற்பகல். பள்ளியின் கணினி அறையில் அவர் ஒருவர்தான். முன்னால் ஒரு துண்டுத்தாள், மூடி கழற்றிய பேனா.

தவறு கண்டால் குறித்துக்கொள்ள.

தாளில் இன்னும் ஒன்றும் இல்லை.

பள்ளிக்குக் காணொலிச் செயலி ஒன்று வாங்கியிருந்தார்கள். பாடத்தைப் பதிவு செய்யலாம். நறுக்கலாம். நடுவில் நிறுத்திக் கேள்வி வைக்கலாம். கணித ஆசிரியர்கள் இருவரும், அவரும் கோமதிவடிவும், ஒரே தேற்றத்தைப் பதிவேற்றட்டும் என்றார் தலைமையாசிரியர் சற்குணராஜ். பிள்ளைகள் பார்க்கட்டும். வரும் ஆண்டு பத்தாம் வகுப்பு யாருக்கு என்று அதன்பிறகு முடிவு செய்யலாம்.

யாருக்கு என்று ஒரு கேள்வி!

இந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணக்கை எடுத்தவர் அவருடைய அப்பா. அப்பாவுக்குப் பின் அவர். கணக்கு வாத்தியார் வீடு என்று கேட்டால் கடைத்தெருவே வழி காட்டும்.

கோமதிவடிவு சங்கரன்கோவில் பக்கமிருந்து வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

தன் காணொலியை அவர் ஒருமுறை பார்த்திருந்தார். கரும்பலகையில் எழுதும் தன் முதுகை வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்தார். நிமிர்ந்த முதுகு. கையெழுத்திலும் குறை இல்லை.

பிள்ளைகள் எதுவரை பார்த்தார்கள் என்பதைச் செயலி ஒரு நீலக் கோட்டில் காட்டியது. அவர் தேற்றத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கோடு தரையைத் தொட்டிருந்தது.

அவளுடைய கோடு கடைசிவரை போயிருந்தது.

கோமதிவடிவின் காணொலி ஓடியது. கொடுக்கப்பட்டவை. சொன்னாள்.

நிரூபிக்க வேண்டியது. சொன்னாள்.

அமைப்பு. நிரூபணத்துக்காகப் படத்தில் கூட்டி வரையும் கோடு; இளம் ஆசிரியர்கள் விட்டுவிடும் இடம் இது. பொதுத்தேர்வில் பிள்ளைக்கு மதிப்பெண் போவதும் இங்கேதான். அவர் பேனாவை எடுத்தார்.

அதையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "இத விட்டா மார்க் போயிரும், என்ன?" என்று கேட்டாள்.

அது அவர் சொல்லியிருக்க வேண்டியது.

மறுபடி முதலிலிருந்து.

வெயில் மேசையை விட்டு இறங்கியது. பேனாவை எப்போது மூடினார் என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியாகப் பார்த்தபோது தவறு தேட மறந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை. ஆசிரியர் அறையில் கோமதிவடிவு அவர் முன் வந்து நின்றாள். கையில் கைப்பேசி. கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"சார், யாரு பாத்தாங்கன்னு பேரோட காட்டுது. பிள்ளையள விட நீங்கதான் நெறைய தடவ பாத்திருக்கிய. எனக்கு என்ன சொல்லன்னே தெரியல, சார்."

ஆசிரியர்கள் பெயரையும் அது காட்டும் என்று அவர் நினைக்கவில்லை.

அங்கிருந்த சற்குணராஜ் சிரித்தார்.

"அண்ணாச்சியே ஒக்காந்து இத்தன மட்டம் பாத்திருக்காவ. பெறவு நான் சொல்ல என்ன இருக்கு? பத்தாங்கிளாச டீச்சரே எடுக்கட்டும். என்ன அண்ணாச்சி?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன் என்று சொல்லலாம். சொன்னால் வகுப்பு கையைவிட்டுப் போகாது.

சொன்னால், கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளை நேற்று வந்த பெண்ணின் பாடத்தில் ஒளிந்திருந்து ஓட்டை தேடினான் என்று கடைத்தெரு பேசும்.

"நல்லா எடுத்திருக்கம்மா" என்றார்.

"எதாவது திருத்தணும்னா சொல்லுங்க, சார்."

"அமைப்பு சொல்லும்போது இன்னும் கொஞ்சம் மெதுவாச் சொல்லணும்."

மெதுவாகத்தான் சொல்லியிருந்தாள்.

சரி என்று தலையாட்டினாள்.

அன்று மாலை, வீட்டில் காப்பி குடிக்கும்போது கைப்பேசி ஒலித்தது. அதே பாடத்தை அவள் புதிதாகப் பதிவேற்றியிருந்தாள். கீழே ஒரு வரி.

மூத்த ஆசிரியர் சொன்ன திருத்தத்துடன்.

விரல் திரைக்கு மேல் நின்றது.

பார்த்தால் தெரிந்துவிடும்.

பார்க்காவிட்டாலும் தெரிந்துவிடும்.

பள்ளி கொடுத்த செயலிக் கணக்கு உள்ள கைப்பேசியில் திறந்தால்தான் பெயர் விழும். மற்றவர்கள் திறந்தால் படம் மட்டும் ஓடும். அதை அவர் இன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

காப்பியைக் கீழே வைத்தார். உள்ளே இருந்த மனைவிக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"ஏளா, ஒம் போனக் கொண்டா."

"ஒங்க போனுக்கு என்ன கேடு?"

அவர் கையை மட்டும் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.