அடிப்பூச்சு

பானெட்டைத் திறந்து, புகைக்குழாய் மேலிருந்த துருப்பிடித்த தகட்டைக் காட்டினார் பழைய கார் வியாபாரி.

“இது புதுசு மாதிரி தெரியணும்.”

“சூடு தாங்குற பெயிண்ட்தான் நிக்கும் சார்,” என்றான் மெக்கானிக்.

“அதெல்லாம் எதுக்கு? சாதாவே அடி. விக்கிற வரைக்கும் தாங்கினா போதும்.”

“சரி சார். மேல சாதாவே அடிச்சுடறேன்.”

மறுநாள் கார் வாங்க வந்தவர், வியாபாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். பாதி வழியில் தீய்ந்த வாடை வந்தது. நிறுத்தி பானெட்டைத் திறந்தார்.

கறுப்புப் பெயிண்ட் பொரிந்து உரிந்திருந்தது. அடியில் வெள்ளை எழுத்துகள் மட்டும் கலையாமல் நின்றன.

‘வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. இவரிடம் என் தங்கச்சி ஏமாந்தது போதும்.’

வியாபாரி போனில் கத்தினார். “என்னடா பண்ணி வெச்சிருக்க?”

“சூடு தாங்குற பெயிண்ட்தான் நிக்கும்னு அப்பவே சொன்னேனே சார்.”