தலைப்பாகைக்கு இடம் கொடுக்காத கார்

மாப்பிள்ளை அழைப்புக்கு, துணிக்கூரை மடக்கிய, ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் காரைப் பிடித்து வந்தவர் பெண்ணைப் பெற்ற வள்ளியப்பன்தான். கோயில் வாசலில் மேளம் முழங்கியது, மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார், கார் மட்டும் நகரவில்லை.

"பயணியின் தலை பாதுகாப்புக் கம்பிக்கு மேல் நான்கு விரல் நிற்கிறது. கவிழ்ந்தால் ஆபத்து" என்றது கார்.

"மேளக்காரன் நடக்கிற வேகத்துல எங்கய்யா கவிழும்? ரெண்டு விரல்னு முடிச்சுக்க!" என்றார் வள்ளியப்பன்.

கார் பேரத்துக்குப் படியவில்லை. நல்ல நேரம் முடியக் கால் மணிதான் இருந்தது.

"தலைப்பாகையக் கழட்டுங்க மாப்ளே."

"அத்தை கட்டினது மாமா. மண்டபத்துலதான் கழட்டணும்."

சரிந்து உட்காரச் சொன்னால் அந்த அத்தை சண்டைக்கு வந்தாள். "ஊரு மாப்பிள்ளையப் பாக்கவா, வெறும் தலைப்பாகையப் பாக்கவா?"

வள்ளியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். தாமதம் பொறுக்காமல் அடுத்த தெரு மண்டபத்திலிருந்து நடந்தே வந்துவிட்ட மணப்பெண் உமையாள், "இறங்குங்க" என்று மாப்பிள்ளையை இறக்கிவிட்டுத் தான் ஏறி உட்கார்ந்தாள். கார் உடனே கிளம்பியது.

பின்னால் தலைப்பாகையைப் பிடித்தபடி மாப்பிள்ளை நடந்தார்.

"என்ன வள்ளியப்பா, பொண்ணு அழைப்பா?" என்றார் கடைவாசலில் நின்ற ஒருவர்.

"ஆமாய்யா, கார் பாத்து முடிச்ச சம்பந்தம்!"